கழியாத துடக்கு

தம்பி,

நீ கேட்ட கேள்விக்கு நான் இன்னும் ஓம் என்றோ இல்லை என்றோ பதில் சொல்லவில்லை. "அப்பா, நீங்கள் ஓம் எண்டு சொன்னால்தான் நான் கையெழுத்து வைப்பன்" என்று சொல்லிவிட்டுத் தொலைபேசியை வைத்துவிட்டாய். அமெரிக்காவில் இருக்கிற உனக்கு அது ஒரு நிமிடக் கதை. இங்கே உருத்திரபுரத்தில் அன்றிலிருந்து எனக்கு ஓரிடத்தில் இருப்புக் கொள்ளவில்லை. வயலுக்குப் போகிறேன், போன வேலையை மறந்து திரும்பி வருகிறேன். தண்ணீர் முறை எங்களுடையதாக இருந்த அன்று வாய்க்காலைத் திறந்துவிட்டு, கீழ்ப் பக்கத்து வரம்பை அடைக்காமல் உன்னை யோசித்துக்கொண்டு நின்றேன். தண்ணீர் அவ்வளவும் பக்கத்து வயலுக்குப் போய்ச் சேர்ந்தது. அந்த வயல்காரர் நல்ல மனிதர், "பரவாயில்லை அண்ணை, புண்ணியமாப் போகும்" என்று சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை.

கடிதமாக எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. தொலைபேசியில் நான் ஒரு சொல்லைத் தொடங்கினால் நீ மூன்று சொல்லால் மூடிவிடுவாய். அம்மா இடையில் புகுந்து சாப்பிட்டாயா என்று கேட்பாள். நீ அங்கே இரத்தம் சுத்திகரிக்கும் கதிரையில் சாய்ந்து கிடப்பதைப் படத்தில் பார்த்தால் எனக்கு வாதாட வாய் வராது. எழுதும்போது உன் முகம் தெரியாது, அதனால் நினைத்ததைச் சொல்லலாம். எழுதி முடித்ததும் தாள் தாளாகப் படம் பிடித்து அனுப்புவேன். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள், நான் பேனை பிடித்துக் கன காலம்.

நீ கேட்டது சின்னக் கேள்வி இல்லை. பன்றியின் சிறுநீரகம் ஒன்றை உன் உடம்பில் வைக்கப் போகிறார்கள். ஆராய்ச்சியாகச் செய்கிறார்கள், உன்னையும் சேர்க்க விருப்பமாம். சொந்த ஊரில் இருந்திருந்தால் இப்படி ஒன்றை வாய்விட்டுச் சொல்லியிருக்கவே மாட்டாய். நான் முதலில் பயந்தது அம்மாவுக்காகத்தான். வெள்ளிக்கிழமையில் முட்டை வெந்த சட்டியைக்கூடக் குசினிக்குள் விடாதவள், பன்றி என்றால் என்ன சொல்வாளோ என்று தயங்கித் தயங்கிச் சொன்னேன். அவள் அரிசியைக் களைந்துகொண்டே கேட்டுவிட்டு, "எத்தினை போகமா பண்டியள் எங்கட நெல்லைத் திண்டதுகள். ஒரு கிட்னி தந்தால் என்ன குறைஞ்சு போகும்?" என்றாள். அவளுக்கு உன் உயிர் ஒன்றுதான் கணக்கு. மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

எனக்குத்தான் அப்படி எளிதாக விழுங்க முடியவில்லை. சாதி, சமயம், அருவருப்பு ஒன்றும் இல்லை. நீ சொன்ன இன்னொரு விஷயம்தான் என்னைக் குடைகிறது. பன்றியின் சிறுநீரகத்தோடு பன்றியின் வைரஸும் கூட வரலாம் என்றாய். நீ அதை மெதுவாக, கடைசியில், சந்தைக்குப் போய் உப்பை மறந்தவன் சொல்வதுபோலச் சொன்னாய். நான் உன் தகப்பன். நீ மெதுவாகச் சொல்வதைத்தான் நான் உரக்கக் கேட்பேன்.

கொஞ்சக் காலத்துக்கு முன்னர் இந்தப் பக்கம் காட்டோரத்தில் பன்றிகள் செத்துக் கிடந்தன. ஆபிரிக்கப் பன்றிக் காய்ச்சல் என்றார்கள், இறைச்சியைத் தொடாதே என்றார்கள். அது நினைவுக்கு வந்து, உடனே உனக்குத் தொலைபேசி எடுத்து, "தம்பி, இஞ்ச பண்டியள் செத்ததெல்லோ, அந்த வருத்தம் உனக்கும் வந்தால்?" என்று பதறினேன். நீ சிரித்தாய். அந்தக் காய்ச்சல் மனிதருக்கு வராது, அங்கே வளர்க்கும் பன்றிகள் வெளிக்காற்றே படாத கட்டடத்துக்குள் வளர்கின்றன, தீனி, தண்ணீர், இரத்தம் எல்லாம் திரும்பத் திரும்பச் சோதிக்கிறார்கள் என்று விளங்கப்படுத்தினாய். நல்லது. நான் பிழையான காய்ச்சலுக்குப் பயந்தேன், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பயம் போகவில்லை. வெளியே நிற்கும் மனிதனுக்கு வராதது, உள்ளுக்கே கொண்டுபோய் வைத்தால் என்ன செய்யும்? உன் உடம்பு அந்தச் சிறுநீரகத்தைத் தள்ளிவிடக் கூடாது என்பதற்காக உன் எதிர்ப்புச் சக்தியை மருந்து கொடுத்து அடக்கப் போகிறார்கள். வயற்காவலுக்கு நிற்கிறவனை நித்திரையாக்கிவிட்டுப் படலையைத் திறப்பதுபோலத்தான் எனக்குப் படுகிறது. வேலியால் போன ஓணானைப் பிடித்து மடிக்குள் விட்ட கதையாகிவிடுமோ என்று மனம் அடித்துக்கொள்கிறது.

பிறகு நீ அனுப்பிய விளக்கங்களை எல்லாம் கேட்டேன். ஒரு தரம் கேட்டு விளங்காததை மறுபடி கேட்டேன். ஒரு வகை வைரஸ் பன்றியின் ஒவ்வொரு உயிரணுவிலும் பரம்பரையாகவே குடியிருக்கிறது, கழுவினாலும் போகாது, தாயிடமிருந்து குட்டிக்கு வந்துகொண்டே இருக்கும். இப்போது சில பன்றிகளில் மரபணுவிலேயே கை வைத்து அதை முடக்கியிருக்கிறார்கள். இன்னொரு வகை ஒளிந்திருக்கும், சோதித்தாலும் சில வேளை அகப்படாது. முன்பு பன்றியின் இதயம் வைக்கப்பட்ட ஒருவருக்கு அப்படி ஒன்று உள்ளே ஒளிந்திருந்தது பிறகுதான் தெரிந்தது என்றும், அதற்குப் பிறகு சோதனைகளைக் கூர்மையாக்கிவிட்டார்கள் என்றும் சொன்னாய். பரம்பரை வைரஸ் இதுவரை எந்த மனிதருக்கும் தொற்றியதாகக் காணவில்லை என்பதையும் சொன்னாய். அதை நான் நம்புகிறேன். ஆனால் இதுவரை வைத்துக்கொண்டவர்களே கொஞ்சப் பேர், பார்த்த காலமும் கொஞ்சம். புது விதைநெல்லை ஒரு போகம் விதைத்துப் பார்த்துவிட்டு நோயே வராது என்று நான் சொன்னால் நீ நம்புவாயா?

ஒளிந்திருக்கும் வைரஸைப் பற்றி நீ சொன்னபோது உனக்கு அம்மை போட்ட அந்த அம்மாள் வருத்தம்தான் எனக்கு நினைவுக்கு வந்தது. போர் முடிந்து மீளக் குடியேறிய காலம், பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளை இல்லங்களாகப் பிரித்து நடத்தும் இல்ல விளையாட்டுப் போட்டி. ஓட்டத்தில் நீதான் உன் இல்லத்தின் நம்பிக்கை. காலையில் உடம்பு கொதித்ததாம், வயிற்றில் இரண்டு கொப்புளம் போட்டிருந்ததாம். உடுப்பை உள்ளே செருகிக்கொண்டு ஒருவருக்கும் சொல்லாமல் போய் ஓடி, முதலாவதாகவும் வந்து, கிண்ணத்தோடு வந்து கதவடியில் விழுந்தாய். அம்மா வேப்பிலை பறித்துப் படலையில் கட்டினாள். இரண்டு கிழமை கழித்து ஊரில் படலைக்குப் படலை வேப்பிலை. உன் வகுப்பில் பாதிப்பேர் பாயில் கிடந்தார்கள். அவர்களில் ஒரு பிள்ளையின் தாய் வயிற்றில் பிள்ளையோடு இருந்தவள். நல்ல காலம், அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. அம்மா அவர்கள் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்து உன்னை அடிக்கவில்லை, பக்கத்தில் இருந்து அழுதாள். அந்தப் பிள்ளைகளின் உடம்புக்குள் அந்த வைரஸ் இப்போதும் உறங்கிக் கிடக்கும், வயது போனபிறகு அக்கியாக எழும்பலாம் என்று நீதான் எனக்குச் சொன்னாய். வேப்பிலை கட்டுவது அம்மனுக்காக என்கிறார்கள். வருகிறவன் போகிறவனுக்குச் சொல்லவும்தான் என்று நான் நினைக்கிறேன்.

இனி அந்தத் தொலைபேசிக் கூத்து. மருத்துவர்கள் உன் வீட்டு ஆட்களின் விபரமும் கேட்கிறார்கள் என்று சொல்ல வந்தாய். சத்திரசிகிச்சை முடிந்ததும் அம்மாவும் நானும் வந்து உன்னோடு இருந்து பார்த்துக்கொள்வதாகத்தானே யோசனை. லைன் விட்டு விட்டு வந்தது. "என்னோட தொடர்பு இருக்கிற ஆக்கள்" என்று நீ சொன்னது அம்மாவின் காதில் "துடக்கு இருக்கிற ஆக்கள்" என்று விழுந்தது. அவ்வளவுதான்.

"ஆருக்குத் துடக்கு? ஆர் செத்தது? ஏன் ஒருத்தரும் எங்களுக்குச் சொல்லேல்லை?"

"அம்மா, ஒருத்தரும் சாகேல்லை. துடக்கில்லை, தொடர்பு. எனக்கு உந்தக் கிட்னி வைச்சால், என்னோட ஒரே வீட்டில இருக்கிற ஆக்களின்ர இரத்தத்தையும் இடைக்கிடை எடுத்துப் பாப்பினம். அவையும் ஒருத்தருக்கும் இரத்தம் குடுக்கக் கூடாது. காய்ச்சல் வந்தால் உடன சொல்லோணும்."

"அப்ப துடக்குத்தானேயடா. உனக்கெண்டால் உன்ர ஆக்கள் எல்லாருக்கும். அது எப்ப கழியும்?"

"கழியாதம்மா. ஆயுளுக்கும்."

நீ சிரித்தபடிதான் சொன்னாய். அம்மாவும் சிரித்துவிட்டாள். எங்களுக்குத் தெரிந்த துடக்கு, தீட்டு எதுவும் கழியும். பிள்ளை பிறந்தால் முப்பத்தொன்றில் கழியும், செத்த வீடென்றாலும் முப்பத்தொன்றில் அந்தியேட்டியோடு கழியும். வீட்டைக் கழுவி, தோய்ந்து, கோயிலுக்குப் போய்விட்டால் சரி. எந்தத் துயரத்துக்கும் ஒரு கடைசி நாளை வைத்துத்தான் எங்கள் ஆட்கள் சமாளித்து வந்தார்கள். இதற்குக் கடைசி நாள் கிடையாது. ஒரு சொல்லைப் பிழையாகக் கேட்ட உன் தாய், மருத்துவர்கள் பக்கம் பக்கமாக விளங்கப்படுத்தியதை ஒரு சொல்லில் பிடித்துவிட்டாள். அவர்கள் உனக்கு மட்டும் சிறுநீரகம் வைக்கவில்லை, தம்பி. உன்னோடு ஒரே கோப்பையில் தேத்தண்ணீர் குடிக்கிற ஒவ்வொருவரையும் அதில் கட்டுகிறார்கள்.

உன் உடம்பில் ஊராரின் இரத்தம் ஓடுகிறது என்பது உனக்குத் தெரியும். ஆனால் அந்த நாள் உனக்கு நினைவில்லை, எனக்கு மறக்காது. போர் முடிகிற காலம், உனக்குப் பத்து வயதும் நிறையவில்லை. செல் துண்டு ஒன்று உன் இடுப்பைக் கிழித்தது. பள்ளிக்கூடக் கட்டடம் ஒன்றில் வைத்து ஒரு சிறுநீரகத்தை எடுத்தார்கள். இரத்தம் வேண்டும் என்று ஒருவர் வெளியே வந்து கத்தினார். பங்கருக்குள் பதுங்கியிருந்த சனம் எழும்பி வந்தது. நாட்கணக்காக ஒழுங்காகச் சாப்பிடாத சனம். ஒரு கிழவர் கை நீட்டினார், உங்களுக்கு வயது போய்விட்டது என்று அனுப்பிவிட்டார்கள், திரும்பி வந்து வேறு வரிசையில் நின்றார். அப்படித்தான் நீ பிழைத்தாய். மிஞ்சிய மற்றச் சிறுநீரகமும் இப்போது பழுதாகிவிட்டது. இப்போது மருத்துவர்கள் சொல்கிறார்கள், அத்தனை பேருடைய இரத்தம் ஏறியதாலும்தான் உன் உடம்பு மற்றவர்களின் உறுப்பைக் கண்டால் சண்டைக்கு நிற்கிறதாம். கொழும்புக்குப் போய்ச் சோதனைக்கு என் இரத்தத்தைக் கொடுத்தோமே, என் சிறுநீரகத்தையும் உன் உடம்பு வேண்டாம் என்றுவிட்டது. அந்த முடிவு வந்த அன்று நான் அழுதேன். அம்மாவுக்குச் சீனி வருத்தம், அவளிடம் எடுக்கவே முடியாது. அதனால்தான் பன்றி.

அந்தச் சனத்தில் ஒருவருடைய முகமும் எனக்குத் தெரியாது. தேடிப் போய் நன்றி சொல்ல வழி இல்லை. அதனால்தான் பள்ளிக்கூடத்திலோ கோயிலிலோ இரத்ததான முகாம் நடந்தால் நான் போய்ப் படுத்துவிடுவேன். அம்மா கேலி செய்வாள், இவர் பிஸ்கட்டுக்கும் சோடாவுக்கும் போகிறார் என்று. உன்னோடு வந்து இருந்தால் இனி நான் இரத்தம் கொடுக்க முடியாது. எனக்கு இது சின்ன விஷயம் இல்லை, நீ தெரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் சொல்கிறேன். ஆனால் உனக்காக விடுவேன். அதை முடிவெடுக்க எனக்கு ஒரு பின்னேரம் போதுமாக இருந்தது.

இருப்புக் கொள்ளாததற்குக் காரணம் அது இல்லை. மதுரா.

போன கிழமை உன் மனைவி அங்கிருந்து எனக்கு எடுத்தாள். அம்மாவுக்கு எடுக்காமல் எனக்கு எடுத்ததிலேயே எனக்கு விளங்கியிருக்க வேண்டும். வவுனியாவில் வளர்ந்த பிள்ளை, சுற்றி வளைக்கத் தெரியாது. "மாமா, பண்டிக் கிட்னியைப் பற்றி இவர் சொன்னவர். எனக்கு ஓம்தான். இவர் சுகமாகி வந்தால் அடுத்த வருஷம் பிள்ளைக்கு யோசிப்பம் எண்டும் கதைச்சனாங்கள். ஆனால் ஆஸ்பத்திரியில என்னையும் கூட்டிக்கொண்டு வரச் சொல்லி மூண்டாந்தரமும் சொல்லிப்போட்டினம். இவர் எனக்கு லீவு இல்லை எண்டு சொல்லிப்போட்டார். எனக்கு லீவு இருக்கு மாமா. ஏன் அப்பிடிச் சொன்னவர்?"

ஏன் கூப்பிடுகிறார்கள் என்று எனக்குத் தெரியும். கணவன் மனைவியாக இருப்பதிலும் கவனம் வேண்டும், இப்போதைக்குப் பிள்ளை வேண்டாம், எப்போது என்று சொல்லவும் முடியாது என்று அவர்கள் உனக்குச் சொன்னதை நீ பாதி ஆங்கிலத்தில் விழுங்கி விழுங்கி எனக்குச் சொன்னாய். அவளுடைய இரத்தத்தையும் வாழ்நாள் முழுக்கக் கேட்பார்கள் என்பதையும் எனக்குச் சொன்னாய். அவளுக்குச் சொல்லவில்லை. அவளுடைய வாழ்க்கையைப் பற்றிய கதை என் மடியில் கிடக்கிறது, அவளிடம் இல்லை. "தம்பியைக் கேள் பிள்ளை, இஞ்ச தண்ணி திறக்கிற நேரம்" என்று பொய் சொல்லித் தொலைபேசியை வைத்தேன். அன்று தண்ணீர் முறை எங்களுடையது இல்லை. அந்தப் பிள்ளையின் குரல் அன்றிலிருந்து என் காதுக்குள் நிற்கிறது.

நீ ஏன் என்னிடம் ஓம் கேட்கிறாய் என்று பிறகுதான் பிடிபட்டது. சின்ன வயதில் நீ நல்ல வக்கீல். நான் உழவு இயந்திரத்தின் சத்தத்துக்குள் நிற்கும்போது பார்த்து ஓடி வந்து, "அப்பா, குளத்துக்குப் போகட்டே?" என்பாய். பாதி கேட்டும் கேளாமலும் நான் தலையாட்டுவேன். வீட்டுக்குப் போய் அம்மாவிடம், "அப்பா ஓம் எண்டிட்டார்" என்பாய். அதற்குப் பிறகு அவள் வாயைத் திறக்க முடியாது. மதுரா என்னை மதிக்கிற பிள்ளை. நான் ஓம் என்றுவிட்டேன் என்று நீ போய் நின்றால், அவள் தன் கேள்வியை விழுங்கிக்கொண்டு கூடவே ஓம் என்பாள். மாமாவே ஒத்துக்கொண்டார், நான் மட்டும் எப்படி மாட்டேன் என்பது என்று நினைப்பாள். அவள் வாயை மூட என் ஓமை நீ எடுத்துக்கொண்டு போக நான் விடமாட்டேன். கோபப்படாதே. உன் நிலைமையில் நானும் அதைத்தான் செய்திருப்பேனோ என்னவோ. அந்தக் கதிரையில் கிழமைக்கு மூன்று தரம் கிடப்பவன் நான் இல்லை.

நீ பயப்படுவது எனக்குத் தெரிகிறது. சொன்னால் அவள் விட்டுவிட்டுப் போய்விடுவாள் என்று பயம், இல்லையா? போகலாம். அவளுக்கு வயது இருக்கிறது, பிள்ளை ஆசை இருக்கிறது. தாலி கட்டியவள் என்பதற்காக ஒரு பெண்ணின் இரத்தம் முழுவதையும் கேளாமல் எடுத்துவிட முடியாது. பன்றிக்குக்கூட நோய் இருக்கிறதா என்று அத்தனை தரம் சோதிக்கிறவர்கள், மனைவிக்குச் சம்மதமா என்று ஒரு தரம் கேட்க விரும்புகிறார்கள். அதை நீ மறித்துக்கொண்டு நிற்கிறாய். உன் உடம்புக்கு வருத்தம், அதனால் உன்னைக் கடிந்து பேச எனக்கு மனமில்லை. ஆனாலும் இது பிழை, தம்பி.

இப்போது என் பதில். கையெழுத்தை வை. எனக்கு ஓம். பயத்தோடுதான் ஓம், வைரஸ் பற்றிய பயம் எனக்குப் போகவில்லை, போகப் போவதும் இல்லை. வைத்தபிறகு சின்னக் காய்ச்சல் என்றாலும் மறைக்காதே. கிண்ணம் வாங்க ஓடுகிற ஓட்டம் இல்லை இது. எத்தனை தரம் இரத்தம் கேட்டாலும் கை நீட்டு, எங்களிடம் கேட்டாலும் நாங்கள் நீட்டுவோம். அம்மா தன் பெயரை முதலில் போடச் சொல்கிறாள்.

ஆனால் மதுராவுக்கு எல்லாவற்றையும் சொன்னபிறகுதான் இந்த ஓம் செல்லும். வைரஸ், அவளுடைய இரத்தம், பிள்ளை, காலவரை இல்லாதது, எல்லாவற்றையும் தமிழில், அவள் முகத்தைப் பார்த்துச் சொல். ஆஸ்பத்திரிக்கு அவளைக் கூட்டிக்கொண்டு போ. நான் என்ன சொன்னேன் என்று அவள் கேட்டால், "அப்பா உன்னைக் கேக்கச் சொன்னவர்" என்று மட்டும் சொல். அவள் யோசிக்கட்டும். அவள் வேண்டாம் என்றால் எனக்கும் வேண்டாம். மனிதச் சிறுநீரகம் வரும்வரை அந்தக் கதிரையில் இரு. நாங்களும் இருப்போம்.

வேண்டாம் என்று அவள் சொல்லிவிட்டால் நீ எனக்கு இல்லாமல் போய்விடுவாயோ என்று பயப்படுகிறேன். எனக்கு நீ ஒருத்தன்தான். அப்படி இருந்தும் அவளைக் கேள் என்கிறேன்.

இதை வாசித்து முடித்ததும் எனக்கு எடுக்காதே. அவளைக் கூப்பிட்டுப் பக்கத்தில் இருத்து.

அப்பா